சக்கர நாற்காலியில் அழுத்தமும் சறுக்கு விசையும்: கையால் பார்ப்பதா, மேட் வாங்குவதா, வேறு கருவியா?

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத ஒருவருக்கு, தன் அடியில் சதை நசுங்குவது தெரியாது. நமக்கு வலித்தால் சற்றே புரண்டு உட்காருவோம். அவருக்கு அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. அவருக்குப் பதிலாக வேறு யாராவது அல்லது ஏதாவது அதைக் கவனிக்க வேண்டும். தண்டுவடக் காயம் பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் சிறு மையங்களும், வீட்டில் ஒருவரைக் கவனிப்பவர்களும் இங்கேதான் குழம்புகிறார்கள்: பல லட்சம் கொடுத்துப் பிரஷர் மேப்பிங் மேட் (உட்காருமிடத்தின் அழுத்தத்தைத் திரையில் நிறப்படமாகக் காட்டும் விரிப்பு) வாங்கலாமா? கையை விட்டுப் பார்த்தாலே போதுமா? சறுக்கு விசையை அளக்கத் தனிக் கருவி தேவையா?

## எதை அளக்கிறோம்

உட்கார்ந்திருக்கும் சதையில் இரண்டு விசைகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஒன்று, நேர்கீழாக அமுக்கும் அழுத்தம். மற்றொன்று தெரபிஸ்டுகள் ஷியர் என்று சொல்லும் சறுக்கு விசை: தோல் குஷன் உறையைப் பற்றிக்கொண்டு அங்கேயே நிற்கிறது, உள்ளே எலும்பு முன்னால் நகர்கிறது, நடுவில் மாட்டிக்கொண்ட கொழுப்பும் தசையும் இரத்தக் குழாய்களும் கோணலாக இழுபடுகின்றன. 1979-இல் பென்னட் குழுவினர் காட்டியது, சறுக்கு விசை அதிகமாக இருந்தால் இரத்த ஓட்டத்தை நிறுத்த ஏறக்குறைய பாதி அழுத்தமே போதும் என்பதை. ஆகவே அழுத்த எண்ணை மட்டும் வைத்து ஒரு குஷனுக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

இன்னொரு பழைய எண்ணையும் இங்கேயே தள்ளிவைப்போம். "32 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு" என்று பல விளம்பரங்களில் வருகிறது. அது 1930-இல் லாண்டிஸ் நகக்கண்ணின் நுண்குழாயில் அளந்த இரத்த அழுத்தம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவரின் இருக்கையில் ஏறத்தாழ 45 கிலோ இறங்குகிறது. மீதியைப் பாதத் தட்டும் கைப்பிடியும் முதுகுப்புறமும் தாங்குகின்றன. தொடும் பரப்பு 1100 சதுர செ.மீ. என்று வைத்தால் சராசரியே 4 கிலோபாஸ்கல், அதாவது 30 மி.மீ. பாதரசம். சராசரி இப்படி இருக்க, எலும்பு முனையில் 32 என்பதை எந்தக் குஷனும் தராது. ஒரே அளவு அழுத்தத்தை ஒருவர் உடல் மணிக்கணக்கில் தாங்கும், இன்னொருவர் உடல் தாங்காது. அதனால் எந்தக் கருவியும் "இது பாதுகாப்பு" என்று சொல்லாது. "இவருக்கு, இந்த இரண்டில் எது மேல்" என்பதை மட்டும் சொல்லும்.

## எடைபோடும் அளவுகோல்கள்

ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்விகளோடு பார்ப்போம். எலும்பு முனை எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகக் காட்டுகிறதா? சறுக்கு விசையைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? அதே ஆளை எழுப்பி மறுபடி உட்காரவைத்தால் அதே விடை வருகிறதா? அளக்கும் பொருளே அளவைக் கெடுக்கிறதா? வாங்கிய பிறகு வருடாவருடம் என்ன செலவு? இவற்றில் நான்காவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். குஷனுக்கும் உடலுக்கும் நடுவே எதை நுழைத்தாலும் குஷன் சற்று வேறுவிதமாக நடந்துகொள்ளும்.

## 1. கையும் டேப்பும்

இதை ஏழைகளின் வழி என்று நினைக்க வேண்டாம். மேட் இருக்கும் மையத்திலும் முதல் சோதனை இதுதான்.

கையுறை போட்டு, உள்ளங்கை மேலே பார்க்க, குஷனுக்கும் பிட்டத்துக்கும் இடையில் கையை விடுங்கள். மிகத் தாழ்வான எலும்பைத் தேடுங்கள். உட்காரும் எலும்பு உருண்டையாக, தெளிவாகத் தட்டுப்படும். ரோஹோ போன்ற காற்றறைக் குஷனில் அந்த எலும்புக்கும் குஷனின் அடித்தளத்துக்கும் இடையே 1.5 முதல் 2.5 செ.மீ. காற்று இருக்க வேண்டும். விரல்களை மேலும் கீழும் அசைத்தால் அந்த இடைவெளி தெரியும். அதைவிடக் குறைந்தால் எலும்பு அடித்தளத்தில் போய் முட்டும். அதிகமானால் குஷன் பந்துபோல் விறைத்து, உடலை மூழ்க விடாமல் தூக்கி நிறுத்தும். நுரைக் குஷனுக்குக் கையைக் குஷனின் அடியில் விடுங்கள். எலும்பு கையில் தட்டினால் அந்த நுரையின் ஆயுள் முடிந்தது. மலைப்பகுதிக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: கொடைக்கானல் உயரத்தில் காற்றறைக் குஷன் உப்பிக் கடினமாகும். அங்கே காற்றை இறக்கிச் சரிசெய்தால், கீழே வந்த அன்றே மறக்காமல் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு தரைதட்டும்.

சறுக்கலை டேப்பால் பார்க்கலாம். இடுப்பைப் பின்னால் முழுதாகத் தள்ளி உட்காரவைத்து, முதுகுப்புறக் குழாயிலிருந்து முழங்கால் முன்விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து எழுதுங்கள். ஒரு மணி நேரம் அவர் வழக்கம்போல் சக்கரம் தள்ளட்டும், சாப்பிடட்டும். பிறகு அவரைத் தொடுவதற்கு முன்பே மறுபடி அளங்கள். 2 செ.மீ.க்கு மேல் முன்னால் வந்திருந்தால் காரணத்தைத் தேடுங்கள். இருக்கையின் ஆழம் அதிகமா (முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் வேண்டும்), பாதத் தட்டு தாழ்வா, தொடையின் பின்தசை இறுகியிருக்கும்போது காலை நீட்டிவைத்திருக்கிறோமா, துணி இருக்கை நடுவில் தொய்ந்து ஊஞ்சலாகிவிட்டதா என்று வரிசையாகப் பார்க்கலாம். கடைசியதற்குக் குஷனின் அடியில் 12 மி.மீ. பிளைவுட் பலகை வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். ஒரு பக்கம் மட்டும் முன்னால் வந்திருந்தால் அது இடுப்பு திரும்பியிருப்பதன் அடையாளம். அதற்கு வழி வேறு.

இந்தச் சோதனைக்கு ஒரு பெரிய குறை உண்டு. சறுக்கவில்லை என்பதால் சறுக்கு விசை இல்லை என்று ஆகாது. வழுக்காத ரப்பர் விரிப்பை அடியில் போட்டால் டேப் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வைக் காட்டாது. ஆனால் எலும்பு முன்னால் தள்ளப்படுவது நிற்கவில்லை. தோல் மட்டும் நின்றுவிட்டது. உள்ளே இழுபடுவது முன்னைவிட அதிகம். சறுக்கலை ஒட்டி நிறுத்துவது தீர்வாகாது, தள்ளும் காரணத்தைத்தான் எடுக்க வேண்டும்.

இதோடு சேர்ந்தே வர வேண்டியது தோல் பரிசோதனை. புதுக் குஷனில் முதலில் 30 நிமிடம், தோல் பார்த்து, பிறகு ஒரு மணி, பிறகு இரண்டு மணி என்று கூட்டிப் போக வேண்டும். பாடங்களில் "சிவந்த தோலை அழுத்தினால் வெளுக்கிறதா" என்று எழுதியிருக்கும். நம்முடைய கருத்த தோலில் சிவப்பே தெரியாமல் போகும். ஆகவே புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள், சுற்றியுள்ள தோலைவிடக் கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று தடவுங்கள், நிறம் மேலும் கருத்து ஊதா கலந்திருக்கிறதா என்று ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். அரை மணியில் மறையாத மாற்றம் எதுவானாலும், மேட் என்ன நிறம் காட்டினாலும், அந்தக் குஷன் தோற்றது.

## 2. ஒற்றைக் காற்றுப் பை

மெல்லிய பை ஒன்று, ஒரு குழாய், ஒரு அழுத்தமானி. எலும்பின் அடியில் வைத்துக் காற்று ஏற்றினால் அந்த ஓரிடத்து அழுத்தம் எண்ணாக வரும். விலை குறைவு, கம்ப்யூட்டர் தேவையில்லை. ஆனால் பை இரண்டு செ.மீ. விலகினாலே எண் பாதியாகக் குறையக்கூடும். எலும்பைக் கையால் தேடி வைத்த அதே தெரபிஸ்ட், அதே ஆளுக்கு, அதே நாளில் இரண்டு குஷன்களை ஒப்பிட்டால் பயன் உண்டு. மாதம் ஒருமுறை வேறு வேறு ஆட்கள் அளந்து நோட்டில் எழுதிவந்தால் அந்தக் கோடு ஏறி இறங்குவது பை வைத்த இடத்தைச் சொல்லுமே தவிர உடலைப் பற்றி எதுவும் சொல்லாது.

## 3. சொந்தமாகச் செய்யும் சென்சார் விரிப்பு

பொறியியல் மாணவர்கள் ஆர்வமாக எடுக்கும் வழி. நாணய அளவு எஃப்.எஸ்.ஆர். சென்சார்களை (அழுத்தினால் மின்தடை மாறும் வட்டுகள்) ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகையில் இணைப்பது, அல்லது அதேபோல் அழுத்தத்தால் மின்தடை மாறும் வெலோஸ்டாட் தாளின் இருபுறமும் செம்புப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டுவது. அதன் வரம்பை முதலில் கணக்கிடுங்கள். அரை அங்குல விட்டமுள்ள சென்சாரில் 60 மி.மீ. பாதரசம் என்பது 1 நியூட்டன்தான். 200 என்பது சுமார் 3.4 நியூட்டன். 20 நியூட்டன் வரை அளக்கும் சென்சாரில் நமக்கு வேண்டிய பகுதி அடியிலுள்ள ஆறில் ஒரு பங்கு.

அடுத்தது விறைப்பு. மெத்தென்ற குஷன்மேல் விறைப்பான வட்டு கிடந்தால் அதுவே எலும்பு முனைபோல் நடந்துகொள்ளும். இல்லாத உச்ச அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக் காட்டும். வெலோஸ்டாட்டில் இன்னொரு தொல்லை: சுமை மாறாமல் இருந்தாலும் எண் ஏறிக்கொண்டே போகும், எடுத்த பிறகும் உடனே இறங்காது.

அளவுத்திருத்தத்துக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் கஃப் போதும். விரிப்பையும் கஃப்பையும் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, 40, 80, 120 என்று ஏற்றி, ஒவ்வொன்றிலும் அதே அளவு நேரம் காத்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கையால் பலகையை அமுக்கிப் பிடிக்க நினைக்க வேண்டாம். பெரியவர்களுக்கான கஃப் 120-இல் 40 கிலோவுக்கு மேல் தள்ளும்; நான்கு மூலையிலும் கிளாம்ப் வேண்டும். இறங்கும்போதும் குறித்துக்கொள்ளுங்கள். ஏறும் கோடும் இறங்கும் கோடும் எவ்வளவு விலகுகின்றனவோ, அவ்வளவுக்குள் வரும் வித்தியாசத்தை நம்பக் கூடாது.

இதன் உண்மையான பயன் குஷன் தேர்வில் இல்லை. "அவர் உட்கார்ந்து எவ்வளவு நேரம் ஆயிற்று, கடைசியாக எப்போது சாய்ந்து எழுந்தார்" என்று நினைவூட்டும் கருவியாக நன்றாக உதவும். அதற்குச் சரியான எண் தேவையில்லை, மாற்றம் தெரிந்தால் போதும். அப்போதும் விரிப்பைக் குஷனின் அடியில் வையுங்கள், மேலே வேண்டாம்.

## 4. பிரஷர் மேப்பிங் மேட்

டெக்ஸ்கேன், எக்ஸ்சென்சர், போடிட்ராக் போன்றவை இந்த வகை. சில நூறு முதல் ஆயிரத்துக்கு மேற்பட்ட உணர்புள்ளிகள் கொண்ட மெல்லிய விரிப்பு; திரையில் நிறப்படம் வரும். மின்தடை வகை மெல்லியது, எளிதில் வளையும், ஆனால் காலப்போக்கில் எண் நகரும். மின்தேக்கு வகையின் எண் உறுதியாக நிற்கும், விலை கூடுதல்.

படம் அழகாக இருப்பதே இதன் ஆபத்து. சிவப்பு மறைந்தால் நல்லது என்று எல்லாருமே நினைத்துவிடுகிறார்கள். நிறத்தின் எல்லையை மென்பொருளே மாற்றிக்கொள்ள விட்டால், 90-உம் சிவப்பு, 180-உம் சிவப்பு. எல்லாப் படங்களுக்கும் 0–200 என்று பூட்டிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். மேட்டின் உச்ச எல்லை 200 என்றால் அங்கே தட்டி நிற்கும் எண் 200 இல்லை, "200-க்கு மேல்".

அளக்கும் முறை:

- குஷனை முதலில் கையால் சரிசெய்துவிடுங்கள். தவறாகக் காற்றடித்த குஷனை மேட்டில் அளப்பது வீண்.
- பின்பாக்கெட் பர்ஸ், ஜீன்ஸ் பொத்தான், சிறுநீர்க் குழாய், வேட்டி லுங்கியின் மடிப்பு, புடவைக் கொசுவம், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் விலக்குங்கள். படத்தில் இவை எலும்புபோலவே தெரியும்.
- மேட்டை இழுத்துக் கட்டாதீர்கள். குஷனின் பள்ளத்தில் தளர்ந்து படிய வேண்டும். இறுகினால் தொட்டில்போல் உடலைத் தாங்கிக் குஷனின் வேலையை மறைத்துவிடும். சுருங்கினால் மடிப்பின் ஓரம் நேர்கோடாகச் சிவக்கும். உடலில் நேர்கோடு கிடையாது.
- ஆளைத் தூக்கி இறக்குங்கள். மேட்டின்மேல் இழுத்து ஏற்றினால் சென்சாரும் கிழியும், ஆரம்பத்திலேயே சறுக்கு விசையும் ஏறிவிடும்.
- விரலை எலும்பின் அடியில் விட்டு அழுத்தி, திரையில் எந்தப் புள்ளி துடிக்கிறது என்று குறியுங்கள். உட்காரும் எலும்பா, வால் எலும்பா, தொடை எலும்பின் மேல்முனையா என்று படம் தானாகச் சொல்லாது.
- குறைந்தது 6 நிமிடம் காத்திருந்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். எழுப்பி, மறுபடி உட்காரவைத்து, மூன்று முறை.

உச்சப் புள்ளி ஒன்றை மட்டும் எடுக்காமல், அந்த எலும்பைச் சுற்றி 9–10 சதுர செ.மீ. பரப்பின் சராசரியை எடுங்கள். புள்ளிகளின் இடைவெளி 12.7 மி.மீ. என்றால் அது ஆறு புள்ளிகள். கூடவே தொடும் மொத்தப் பரப்பையும் இடவல வித்தியாசத்தையும் பாருங்கள். இரண்டு குஷன்களின் எண்கள் 10 மி.மீ. பாதரசத்துக்குள் இருந்தால் அதைச் சமம் என்றே கொண்டு, விலை, எடை, வியர்வை, ஏறி இறங்கும் வசதி ஆகியவற்றை வைத்து முடிவெடுப்பது நேர்மை.

மேட் சறுக்கு விசையைக் காட்டாது. அதைவிட மோசமாக, சில நேரம் மறைக்கும். ஒருவர் முன்னால் சறுக்கி முதுகு வளைந்தால், உட்காரும் எலும்பின் சுமை திரிக எலும்புக்கும் (வால் எலும்புக்குச் சற்று மேலே இருப்பது) வால் எலும்புக்கும் பரவுகிறது. திரையில் சிவப்பு தணியும், பரப்பு கூடும், எல்லாரும் மகிழ்வார்கள். 1992-இல் ஹாப்சன் வெளியிட்ட அளவீட்டில், முதுகுச் சாய்வை மட்டும் 120 பாகைக்குத் தாழ்த்தியபோது உச்ச அழுத்தம் 12% குறைந்தது, இருக்கையின் சறுக்கு விசை 25% கூடியது. மேட் மட்டும் வைத்திருப்பவர் இதில் முதல் எண்ணை மட்டுமே பார்த்திருப்பார். ஆகவே ஒவ்வொரு மேட் படத்தோடும் மேலே சொன்ன டேப் அளவையும் எழுதிவைப்பது கட்டாயம்.

மேட் ஈடிணையில்லாமல் உதவும் இடம், அவ்வப்போது அழுத்தத்தை இறக்கிக்கொள்ளக் கற்பிப்பது. கைகளை ஊன்றி எழும்புவது பலருக்கு அரை நிமிடம்கூட நிற்காது. திசுவில் ஆக்சிஜன் பழைய நிலைக்குத் திரும்பச் சராசரியாக 1 நிமிடம் 51 விநாடி ஆகிறது என்று 2003-இல் காக்ரேவும் ரோஸும் அளந்தார்கள். முன்னால் குனிந்து மேசையில் சாய்ந்தால் எவ்வளவு குனிந்ததும் எலும்பு விடுபடுகிறது என்பதைத் திரையில் அவரே தன் கண்ணால் பார்க்கும்போது, நூறு தடவை சொல்லியும் ஏறாதது ஒரே தடவையில் ஏறும்.

மறைசெலவுகள்: வருடாந்தர அளவுத்திருத்தம், சில நிறுவனங்களின் மென்பொருள் உரிமக் கட்டணம், பழுதானால் வெளிநாட்டுக்கு அனுப்பும் காலம், தொற்று பரவாமல் ஒவ்வொருவருக்கும் மாற்ற வேண்டிய மெல்லிய உறை, எல்லாவற்றுக்கும் மேலாக ஆளுக்கு ஒன்றரை மணி நேரத் தெரபிஸ்ட் உழைப்பு. இந்தக் கடைசியதற்கு ஆள் ஒதுக்காத மையத்தில் மேட் பீரோவில்தான் இருக்கும்.

## 5. சறுக்கு விசைக் கருவிகள்

இரண்டு வகை. ஒன்று, எலும்பின் அடியில் வைக்கும் சிறு தகடு. ஜப்பானின் மோல்டன் நிறுவனத்தின் பிரீடியா அப்படிப்பட்டது, ஓரிடத்தில் அழுத்தத்தையும் சறுக்கு விசையையும் ஒன்றாகத் தரும். திசை முக்கியம்: தகட்டைத் திருப்பிவைத்தால் வேறு விசையை அளந்துகொண்டிருப்பீர்கள். தகட்டின் பரப்பு வழுக்கினாலும் எண் குறையும், எனவே எப்போதும் ஒரே உடையில் அளக்க வேண்டும்.

இன்னொன்று, குஷனுக்கும் நாற்காலித் தட்டுக்கும் நடுவே வைக்கும் விசைத் தட்டு. இது மொத்தச் சறுக்கு விசையைச் சொல்லும், எந்த எலும்பில் என்று சொல்லாது. ஆனால் உடலுக்கும் குஷனுக்கும் நடுவே எதையும் நுழைக்காததால் அளவு கெடாது. முதுகுச் சாய்வு, இருக்கைச் சாய்வு, பாதத் தட்டு உயரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றி விடையைப் பார்க்க இதுவே சிறந்தது. ஒரு கண்ணி உண்டு: குஷன் பின்னால் முதுகுக் குழாயிலோ பக்கவாட்டுத் தகட்டிலோ உரசினால், அல்லது வெல்க்ரோ ஒட்டியிருந்தால், விசை அந்த வழியே ஓடிவிடும், தட்டு குறைத்துக் காட்டும். சுற்றிலும் ஒரு விரல் இடம் விடுங்கள்.

| வழி | எலும்பு இடம் | சறுக்கு விசை | ஒரு தடவைக்கு நேரம் | கெடுப்பது எது |
|---|---|---|---|---|
| கையும் டேப்பும் | நன்றாகத் தெரியும் | சறுக்கல் மட்டும் | 10 நிமிடம், பிறகு ஒரு மணி கழித்து 5 | வழுக்காத விரிப்பு |
| ஒற்றைக் காற்றுப் பை | வைக்கும் கையைப் பொறுத்தது | தெரியாது | 15 நிமிடம் | பை விலகல் |
| சொந்த விரிப்பு | சுமார் | தெரியாது | செய்ய வாரக்கணக்கு | விறைப்பு, எண் நகர்வு |
| மேப்பிங் மேட் | விரலால் குறித்தால் மிக நன்று | தெரியாது, மறைக்கவும் செய்யும் | ஒன்றரை மணி | மடிப்பு, நிற எல்லை |
| சிறு தகடு | ஒரே இடம் | அந்த இடத்தில் | அரை மணி | திசை, உடை |
| குஷன் அடித் தட்டு | தெரியாது | மொத்தம் | அரை மணி | குஷன் உரசல் |

## யார் எதை எடுக்கலாம்

வீட்டில் ஒருவரை மட்டும் கவனிப்பவர்கள்: கை, டேப், கண்ணாடி அல்லது போன் கேமரா. கருவிக்கு வைத்திருக்கும் பணத்தில் இரண்டாவது குஷன் உறையும் பலகையும் வாங்குங்கள். வருடம் ஒருமுறையோ, எடை 5 கிலோ கூடினாலோ குறைந்தாலோ, அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, மேட் உள்ள மையம் ஒன்றுக்குப் போய் அளந்துவரலாம்.

மாதம் பத்துப் பேருக்கு மேல் குஷன் தரும் மையம்: மேட் தகும், அதற்கென ஒரு தெரபிஸ்டை வாரம் ஒரு நாளாவது ஒதுக்க முடிந்தால். முடியாவிட்டால் பக்கத்து மையங்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு மேட் வாங்கிச் சுற்றில் விடுவது நல்லது. இதில் மேட் அடிக்கடி பயணப்படும், அளவுத்திருத்தம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இடுப்பு சாய்ந்தவர்கள், ஒரு பக்க உட்காரும் எலும்பு அறுவையில் எடுக்கப்பட்டவர்கள், முதுகு வளைந்த குழந்தைகள்: இவர்களுக்குக் கை மட்டும் போதாது. இடவலச் சுமை எப்படிப் பிரிகிறது என்பதை மேட்தான் காட்டும்.

மேட்டில் எண்கள் நன்றாக இருந்தும் திரிக எலும்பிலோ வால் எலும்பிலோ புண் திரும்பத் திரும்ப வருகிறதா? அப்போது இன்னொரு குஷன் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் சறுக்கு விசையின் வேலை. கருவி கிடைத்தால் அடித்தட்டை வைத்து முதுகுச் சாய்வையும் இருக்கைச் சாய்வையும் மாற்றி அளங்கள். கிடைக்காவிட்டால், முதுகு மட்டும் சாயும் நாற்காலிக்குப் பதிலாக இருக்கையும் முதுகும் ஒரே கோணத்தில் சேர்ந்து சாயும் நாற்காலியில் ஒரு வாரம் பழகவிட்டு, தினம் டேப் அளவும் தோல் போட்டோவும் எடுங்கள். நாற்காலியை மாற்ற வழியில்லை என்றால், ஒவ்வொரு முறை சாய்த்து நிமிர்த்திய பிறகும் அவரை முன்னால் குனியவைத்து, முதுகைச் சாய்மானத்திலிருந்து முழுதாக விலக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி மறுபடி உட்காரவையுங்கள். மாட்டிக்கொண்ட தோல் அந்த ஒரு அசைவில் விடுபடும். இதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம்.